மாமரக் குற்றியில் முளைத்த காளான்: எது எதுவென்று எப்படிச் சொல்வது?

2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, உப்புவெளியில் எங்கள் வளவில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரம் கவரில் பிளந்து பாதி கிணற்றுப் பக்கம் சாய்ந்துவிட்டது. மிச்சப் பாதியை நிற்க விடப் பயந்து தறித்தோம். கொப்பெல்லாம் விறகாகிப் போனது, அடிமரத்தை மரக்காலைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார், முழங்கால் உயரக் குற்றி மட்டும் நிலத்தில் நின்றது. அதைக் கிண்டி எடுக்கக் கேட்ட கூலிக்குப் பத்து மாங்கன்று வாங்கலாம் போலிருந்ததால் அப்படியே விட்டோம். அந்தக் குற்றியில் ஒவ்வொரு மாரிக்கும் ஏதாவது ஒன்று முளைக்கிறது. ஒரு வருசம் முளைத்தது மறு வருசம் முளைப்பதில்லை. இதைக் கவனிக்கத் தொடங்கித்தான் எனக்குக் காளான் பைத்தியம் பிடித்தது.

மூன்றாவது மாரியில் தம்பலகாமத்திலிருந்து வந்திருந்த மாமி குற்றியைக் கண்டதும் சுளகு கேட்டார். வெள்ளை வெளேரென்று ஒரு கொத்து, விரிந்தும் விரியாததுமாக.

"இது என்ன காளான் எண்டு தெரியுமோ மாமி?"

"பேர் எதுக்கு? மரத்தில முளைச்சா நல்லது, மண்ணில முளைச்சா நஞ்சு. நாங்கள் சின்னனில இருந்து இப்படித்தான் பாத்துச் சமைக்கிறம்."

மாமியின் விதியை நான் பழிக்க வரவில்லை. அது முழுப் பொய் என்றால் அதைப் பற்றி எழுதவே தேவையில்லை, யாரும் நம்பமாட்டார்கள். முக்கால்வாசி சரியாக இருப்பதால்தான் அது இத்தனை காலம் நின்றுபிடித்திருக்கிறது, மிச்சக் கால்வாசிதான் ஆளைக் கொல்லும்.

சரியான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் காளான் தின்று இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோரைக் கொன்றது அமனிட்டா என்ற பேரினம். அதில் பலவும் உயிருள்ள மரத்தின் வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழ்பவை. மரத்துக்கு நீரும் கனியுப்பும் கொடுத்துச் சீனியை வாங்கிக்கொள்ளும். அதனால் மண்ணிலிருந்துதான் எழும்பும், செத்த குற்றியில் அதற்கு வேலை இல்லை. எங்கள் பக்கம் போன்ற வெப்ப நாடுகளில் அதிகம் பேரை வாந்தி எடுக்க வைக்கிற பெரிய வெள்ளைக் குடை ஒன்று இருக்கிறது, வித்திகள், அதாவது விதை போல உதிரும் தூள், பச்சை நிறம், அதுவும் புல்தரையில்தான் முளைக்கும். குற்றியில் வருபவற்றிலோ பாதிக்கு மேல் செருப்புத் தோல் மாதிரி, பலகை மாதிரி. அவற்றை வேக வைக்க வெளிக்கிட்டால் விறகுதான் முடியும். ஆக மண், மரம் என்று பிரித்துப் பார்த்த நம் முன்னோர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை.

இனிப் பிழையான பகுதி. குளிர்நாடுகளில் கலரீனா என்று ஒரு சின்னப் பழுப்புக் காளான் இருக்கிறது. அது முளைப்பதே உக்கிய மரத்தில்தான், அதில் இருப்பது அமனிட்டாவில் இருக்கிற அதே அமாடொக்சின் நஞ்சு. ஜப்பானில் பட்ட மரத்தில் முளைக்கிற ஒன்றைச் சிப்பிக் காளான் என்றும் ஷிட்டேக் என்றும் நினைத்துப் பிடுங்கி ஆண்டுதோறும் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அது இருட்டில் மெல்லிய பச்சையாய் ஒளிரும். அதன் தூரத்து உறவு ஒன்று, அதுவும் வெள்ளை, அதுவும் ஒளிர்வது, அதுவும் நஞ்சு, தென்கிழக்காசியக் காடுகளில் செத்த மரங்களில் முளைக்கிறது. இன்னொன்று இதைவிடச் சங்கடமானது. ஊசியிலை மரக் குற்றிகளில் வெள்ளைச் சிறகு போல வரும் ஒரு காளானை ஜப்பானியர் காலங்காலமாய்ச் சாப்பிட்டு வந்தார்கள். 2004 இல் திடீரென்று 50 பேருக்கு மேல் மூளை பாதிக்கப்பட்டு 17 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் ஏற்கெனவே சிறுநீரக வருத்தக்காரர். "நாங்கள் சின்னனில இருந்து" என்ற மாமியின் வாதத்துக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியாது.

சீனாவின் யுன்னான் மாகாணக் கதையையும் கேளுங்கள். 1970களின் கடைசியிலிருந்து ஏறக்குறைய 30 ஆண்டுகளில், மழைக்காலம் வந்தால் மலைக்கிராமங்களில் நல்லாயிருந்த ஆட்கள் இதயம் நின்று சாய்ந்தார்கள், மொத்தம் 400 பேரளவில். தேடித் தேடிக் கடைசியில் சந்தேகம் போய் நின்றது உக்கிய மரத்தில் முளைக்கும் ஒரு சின்ன வெள்ளைக் காளானில். அந்த ஊர்க்காரர் காளான் பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்கள். நல்ல காளான் சந்தைக்குப் போகும். இந்தச் சின்ன வெள்ளை, பிடுங்கிய கையோடு பழுப்பாகிப் போவதால் யாரும் வாங்கமாட்டார்கள், அதனால் அது வீட்டுச் சட்டிக்கு வந்திருக்கிறது.

சரி, நம் குற்றிக்கு வருவோம்.

நாம் காளான் என்று சொல்வது உண்மையில் ஒரு காய் மாதிரித்தான். அதைக் காய்க்கிற மரம் குற்றிக்குள்ளே இருக்கிறது, வெள்ளை நூல் நூலான பங்கசு இழைகளாக. மாதக்கணக்காய், வருசக்கணக்காய் உள்ளே மரத்தைத் தின்றுகொண்டிருந்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை இறங்கியதும் வெளியே குடை விரிக்கும். திருகோணமலையில் வருசத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுவதால், மெல்லிய காளான்களைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாலு மாதம்தான். சோளகம் அடிக்கிற ஆடியில் குற்றியில் எது இருந்தாலும் அது கட்டிச் சாதி.

மரத்தைத் தின்பதிலும் இரண்டு வகை உண்டு. மரம் என்பது செலுலோசு நாரும் அதை ஒட்டி வைக்கும் இலிக்னின் பசையும். சில பங்கசுகள் நாரைத் தின்றுவிட்டுப் பசையை விட்டுவிடும், மரம் கறுத்த பழுப்பாகிச் சதுரம் சதுரமாய் வெடித்து கரித்துண்டு போல உதிரும். மற்றவை பசையையும் சேர்த்தே கரைக்கும், மரம் வெளுத்து, ஈரமாய், தென்னந்தும்பு மாதிரிப் பிய்யும். முதல் வகை பெரும்பாலும் ஊசியிலை மரங்களைத் தேடிப் போவது. எங்கள் மா, வேம்பு, முருங்கைக் குற்றிகளில் அதிகம் காண்பது இரண்டாவது. நகத்தால் குற்றியைக் கீறிப் பாருங்கள், காளானைத் தொட முன்னமே பாதி விசயம் அங்கே இருக்கிறது. என்ன மரம், தறித்து எத்தனை வருசம், கீறினால் நகம் இறங்குகிறதா, இதை எழுதி வைக்காமல் காளானின் படத்தை மட்டும் அனுப்பி "இது என்ன?" என்று கேட்பவர்களுக்கு எந்த நிபுணரும் பதில் சொல்லமாட்டார்.

ஏனென்றால் வரிசை ஒன்று இருக்கிறது. புதிதாய்த் தறித்த மரத்தில் வருவது ஒன்று, பாதி உக்கினதில் வருவது வேறு. எங்கள் குற்றியில் முதலில் வந்தது நகத்தளவு சாம்பல் வெள்ளை விசிறிகள், மேலே பஞ்சு போல மயிர். சிசோபில்லம் கொம்யூன் என்பது அதன் விஞ்ஞானப் பெயர், அந்தாட்டிக்காவைத் தவிர உலகத்தில் எல்லாக் கண்டத்திலும் உண்டு. இதைப் பிழையாய்ச் சொல்லவே முடியாது, கீழே திருப்பினால் செவுள், அதாவது குடையின் அடியில் வரிசையாய் நிற்கும் மடிப்பு, ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாய்ப் பிளந்திருக்கும். வெயில் ஏறினால் அந்தப் பிளவு சுருண்டு மூடிக்கொள்ளும், மழை பட்டால் திரும்ப விரியும். நான் ஒரு துண்டை மேசை லாச்சியில் போட்டு மறந்து, மாதங்கள் கழித்துத் தண்ணீரில் போட்டேன், அரை மணித்தியாலத்தில் விரிந்துவிட்டது. மனிதருக்கு ஆண் பெண் என்று இரண்டு. இந்த விசிறிக்கு இனச்சேர்க்கை வகை 20,000 க்கு மேல்.

அதே மாரியின் கடைசியில், வெயில் படுகிற பக்கத்தில் செம்மஞ்சள் தட்டுகள் வந்தன, மிளகாய்த்தூளில் புரட்டி எடுத்த மாதிரி. கீழே செவுள் இல்லை, ஊசியால் குத்தியது போலத் துளைகள். பிக்னோபோரஸ். வெப்ப நாட்டில் வெட்டவெளி மரத்துண்டில் இது வராமல் இருந்தால்தான் அதிசயம், நிலாவெளி வேலிக் கட்டைகளிலும் பார்த்திருக்கிறேன். நிழல் பக்கத்தில் இரண்டாவது மாரியில் காது வந்தது. காது என்றால் காதேதான், மடலும் மடிப்பும், தொட்டால் குளிர்ந்த ஜெலி. ஓரிக்குலாரியா. சீனக் கடைச் சூப்பில் கறுப்பாய் மிதப்பது இதன் குடும்பம்.

இங்கேதான் அடையாளம் காண்பதில் முதல் பாடம். மீன் சந்தையில் பாரையை மேலே பார்த்து யாராவது வாங்குவார்களா? செவுளைத் தூக்கிப் பார்ப்போம். காளானும் அப்படித்தான். குடையின் மேல்நிறம் மழைக்கு வெளுக்கும், வெயிலுக்குக் கறுக்கும், வயசுக்கு மாறும், அதை வைத்துச் சொல்பவர் பத்துக்கு ஏழு பிழை விடுவார். கீழே செவுளா, துளையா, வழுவழுப்பா என்று பார்த்தாலே குடும்பம் பிரிந்துவிடும். செவுள் என்றால் அது காம்பில் இறங்கி ஓடுகிறதா, காம்பைத் தொடாமல் நிற்கிறதா, ஓரம் நேராய் இருக்கிறதா, வாள்பல் போல அரம்பமாய் இருக்கிறதா என்று அடுத்தடுத்துப் போகலாம். ஃபோனில் பெயர் சொல்கிற ஆப்புகளுக்கும் இதுதான். ஒரே கொத்தை மேலேயிருந்து மூன்று கோணத்தில் எடுத்துப் போட்டேன், மூன்று பெயர் சொன்னது, ஒன்று சாப்பிடலாம், ஒன்று நஞ்சு, ஒன்று ஐரோப்பாவில் மட்டும் இருப்பது.

அப்புறம் அடி. காம்பை ஒடிக்கக் கூடாது, கத்தியால் கிண்டி எடுக்க வேண்டும். குற்றிக்குப் பக்கத்தில் நிற்பதெல்லாம் குற்றியில் முளைத்தது இல்லை. மண்ணுக்குள் ஓடிய வேரில் வந்திருக்கலாம், அல்லது மண்ணிலேயே வந்து குற்றியில் சாய்ந்திருக்கலாம். மாமியின் விதி தோற்கிற இடம் வேறு நாட்டில் மட்டும் இல்லை, இந்த ஒரு சாண் தூரத்திலும் இருக்கிறது. அடியில் முட்டைக்கோது மாதிரிப் பை இருந்தால், காம்பில் வளையம் இருந்தால், அதை வைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

மாமி சுளகோடு நின்ற அந்த வெள்ளைக் கொத்துக்கு வருகிறேன். மேலே சின்னச் செதில்கள், செவுள் காம்பில் இறங்கி ஓடுகிறது, ஓரம் நுணுக்கமாய் அரம்பம், காம்பு பிய்த்தால் நார் நாராய், ஒடிக்க முடியாத இறுக்கம். "நாளைக்குச் சொல்றன் மாமி" என்று சொல்லி ஒரு குடையை மட்டும் வெட்டிக்கொண்டு போய், கறுப்புக் கடதாசியும் வெள்ளைக் கடதாசியும் பக்கம் பக்கமாய் ஒட்டி, அதன் மேல் செவுள் கீழே பார்க்கக் கவிழ்த்து, மேலே தண்ணீர்க் கிளாஸை மூடி வைத்தேன். இரவு முழுக்க வித்திகள் தன்பாட்டில் உதிரும். ஒவ்வொன்றாய் எடுத்தால் கண்ணுக்கே தெரியாது, இலட்சக்கணக்கில் விழும்போது நிறம் தெரியும். விடியக் கிளாஸை எடுத்தேன். வெள்ளைக் கடதாசியில் ஒன்றுமில்லை, சரிவரவில்லை என்று நினைத்துச் சுருட்டப் போனவன் கறுப்புப் பக்கத்தைப் பார்த்தால், மாவால் கோலம் போட்ட மாதிரி ஒவ்வொரு செவுளும் ஒவ்வொரு கோடாய், ஊதினால் பறக்கிற வெள்ளைத் தூள். இரண்டு நிறக் கடதாசி ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த வித்தி நிறம் பொய் சொல்லாது. சிப்பிக் காளான் வகைக்கு வெள்ளை, சிலதில் மெல்லிய ஊதா. வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, அதே மாதிரிப் பையோடு வரும் அமனிட்டாவுக்கு வெள்ளை, இரண்டையும் பிரிப்பதில் இது பெரிய சாட்சி. கலரீனாவுக்குத் துருப்பிடித்த பழுப்பு. எங்கள் கொத்து எல்லா அடையாளத்தையும் கூட்டிப் பார்த்தால் லென்டினஸ் ஸ்குவாரோசுலஸ். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆட்கள் பிஞ்சாய் இருக்கும்போது பிடுங்கிச் சாப்பிடுவது, முற்றினால் றப்பர். நான் சாப்பிட்டேனா? இல்லை. "மிக நெருங்கிப் பொருந்துகிறது" என்பது பெயர் வைக்கப் போதும், சட்டியில் போடப் போதாது. மாமிக்குக் கடையில் சிப்பிக் காளான் பைக்கட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், பால்கறி வைத்தார், "இதில மணமில்லை" என்றார், அது உண்மைதான். அதுவும் மரம் தின்றே வளர்ந்தது, ஆனால் இறப்பர் மரத்தூள் அடைத்த பையில், இன்ன வித்து என்று தெரிந்து போட்டது.

அடையாளம் இவ்வளவு சிக்கலாய் இருப்பதற்கு ஊர்க் காரணமும் ஒன்று உண்டு. இலங்கைக் காளான்களை 19 ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவிலிருந்து த்வெயிட்ஸ் சேர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பினார், 1905 இலிருந்து டொம் பெச் பேராதனையிலேயே இருந்து பதிந்தார், 1986 இல் டேவிட் பெக்லர் நாட்டின் செவுள் காளான்களைத் தொகுத்தார். பேராதனையைச் சுற்றிய ஈர மலைகள்தான் இதில் பெரும்பங்கு. முதிரையும் பாலையும் நிற்கும் நம் வறண்ட காட்டுக் குற்றியில் வருவதற்கு யாரோ வைத்த பெயரைப் பொருத்திப் பார்க்கும்போது ஒரு சொட்டுச் சந்தேகத்தை மிச்சம் வைக்க வேண்டியிருக்கிறது. மினுக்குப் பூசியது போலப் பளபளக்கும் கனோடெர்மாவையே பாருங்கள், ஆசியா முழுக்க எல்லாவற்றையும் லூசிடம் என்ற ஒரே இனமாய் எழுதி வந்தார்கள், மரபணுவைப் பார்த்தபோது அது பல இனம். தென்னை வைத்திருப்பவர்கள் அந்தப் பளபளப்புத் தட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், கீழ்ப்பக்க வெள்ளையை நகத்தால் கீறினால் பழுப்புக் கோடு விழும், சுற்றிவர கொக்கோத் தூள் கொட்டியது போலிருக்கும். உயிருள்ள தென்னையின் அடியில் அது வந்தால் உள்ளே வெகுநாளாய் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். தமிழ்நாட்டில் 1952 புயலுக்குப் பிறகு கண்டறிந்து தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் வைத்ததும் இதன் வேலைதான். பட்ட குற்றியை வேரோடு கிண்டி எரிக்கச் சொல்வது அதனால்தான்.

வீட்டுப் பரிசோதனைகளைப் பற்றிக் கேட்பீர்கள். வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, உள்ளி நிறம் மாறினால் நஞ்சு, புழு தின்றால் நல்லது, கொதிக்க வைத்து நீரை வடித்தால் போகும். ஒன்றும் வேலை செய்யாது. அமாடொக்சின் கொதிக்கும் நீருக்கு அசையாது, வெள்ளியை அது சட்டை செய்வதேயில்லை, நத்தையும் புழுவும் தின்றுவிட்டு ஊர்ந்து போகும். அந்த நஞ்சின் கள்ளத்தனம் நேரத்தில் இருக்கிறது. சாப்பிட்டு 6 மணித்தியாலத்துக்குப் பிறகு, சில வேளை அடுத்த நாள்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும், அதற்குள் சாப்பாட்டை மறந்திருப்போம். ஒரு நாள் கழித்துச் சுகமாகிவிட்டது போலிருக்கும். அந்த இடைவெளியில் ஈரல் செத்துக்கொண்டிருக்கும். ஆகவே காளான் சாப்பிட்ட பிறகு யாருக்காவது ஏதாவது செய்தால், சுகமாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள், சட்டியில் மிச்சமிருப்பதையும், குப்பையில் போட்ட காம்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் டொக்டருக்கு எந்தப் பெயரையும் விடப் பெறுமதி.

நாலாவது மாரியில் குற்றியின் மேலே கறுத்த உருண்டைகள், எரிந்த நெற்றுத் தேங்காய்த் துண்டு மாதிரி. வெட்டினால் உள்ளே வெள்ளியும் கறுப்புமாய் வளையம் வளையமாய், மரத்தின் ஆண்டு வளையத்தை யாரோ சின்னதாய்ப் பிரதி எடுத்தது போல. டால்டினியா. தொட்ட கையெல்லாம் கரி, வெள்ளைச் சேட்டோடு பக்கத்தில் போக வேண்டாம். ஒரு காலை அடிப்பட்டையைச் சுற்றி நூற்றுக்கணக்கில் விரல்நுனி அளவு சாம்பல் குடைகள் முளைத்து, மறுநாள் பின்னேரம் ஒன்றையும் காணவில்லை. கூட்டமாய் வந்து கூட்டமாய்ப் போவது அவற்றின் சுபாவம். அவற்றின் உறவினர் ஒருவர் குளிர்நாடுகளில் புதைந்த மரத்தைச் சுற்றி முளைப்பார், தனியே சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, அடுத்த ஓரிரு நாளில் மதுவைத் தொட்டால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். நம் ஊரில் கள்ளுக்கு ருசி கூட்டக் காளான் தேடுபவர்கள் இதை மனதில் வைத்திருக்கலாம்.

இப்போது குற்றியைக் காலால் தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்கிறது. போன மாதம் ஒரு பக்கத்தைப் பிய்த்துப் பார்த்தேன், உள்ளே மண் பூசிய சுரங்கம், கறையான். பக்கத்தில் வேலியோரம் சின்னதாய்ப் புற்றும் எழும்புகிறது. மாமிக்கு ஃபோனில் சொன்னபோது அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. புற்றுக்காளான் வரும் என்கிறார். வரலாம், சில கறையான்கள் கூட்டுக்குள் தாங்களே பங்கசுத் தோட்டம் வைத்து வளர்க்கின்றன, மழைக்கு அதிலிருந்துதான் அந்தக் காளான் எழும்பும். மண்ணில் முளைப்பது, ஆனால் ஊரே விரும்பித் தின்பது. "அப்ப உங்கட விதி என்ன ஆச்சு மாமி?" என்றேன். "அது வேற" என்றார். புற்றுக்காளானின் காம்பு மண்ணுக்குள் நீண்ட வாலாய் இறங்கிக் கூடு வரைக்கும் போகும், ஒடிக்காமல் கிண்டினால் தெரியும். மண்வெட்டியைத் தீட்டி வைத்திருக்கிறேன், இன்னும் மழை விழவில்லை.